எடை போட முடியாத தூசி

மாணவ நண்பர்களே, உங்கள் இடது புஜத்தின் மேற்பகுதியைச் சற்றுத் தடவிப் பாருங்கள். உங்களில் பெரும்பாலோருக்கு அங்கே மிளகளவில் ஒரு தழும்பு இருக்கும். பிறந்தவுடன் காசநோய்க்கு எதிராகப் போடப்பட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் அடையாளம் அது. பச்சிளங் குழந்தைக்கு 0.05 மில்லிலிட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு சொட்டு மருந்து, தோலுக்குள்ளேயே செலுத்தப்படுகிறது.

அந்த ஒரு சொட்டில் இருப்பவை உயிருள்ள பாக்டீரியாக்கள். மாட்டுக்குக் காசநோய் உண்டாக்கும் கிருமியைப் பிரான்சு நாட்டு விஞ்ஞானிகளான கால்மெட்டும் கெரினும் பல ஆண்டுகள் வளர்த்து வலுவிழக்கச் செய்தார்கள். 1921ஆம் ஆண்டில் அது முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. மருந்திலுள்ள கிருமி உயிரோடு இருந்தால்தான் உடல் அதைக் கண்டு எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொள்ளும்.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. மருத்துவமனையில் நரம்பு வழியே ஏற்றும் உப்புநீரைப் புட்டியில் அடைத்து மூடிய பிறகு 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் வேகவைத்து விடலாம். ஏதேனும் கிருமி உள்ளே புகுந்திருந்தாலும் அதோடு ஒழிந்தது. சூடு தாங்காத மருந்துகளை 0.22 மைக்ரான் துளையுள்ள வடிகட்டியில் செலுத்தலாம். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.) ஆனால் பி.சி.ஜி. மருந்தை வேகவைத்தால் மருந்தே செத்துவிடும். வடிகட்டினாலோ மருந்தே வடிகட்டியில் நின்றுவிடும்! திருடனைப் பிடிக்க விரித்த வலையில் வீட்டுக்காரரும் அகப்பட்டுக்கொள்வார். ஆகவே முதல் நாள் முதல் கண்ணாடிக் குப்பியை மூடும் வினாடி வரை, வேண்டாத கிருமி ஒன்றுகூட உள்ளே வராதபடி காப்பது தவிர வேறு வழியில்லை.

காக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துயரச் சான்று உண்டு. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் சுமார் 250 குழந்தைகளுக்கு பி.சி.ஜி. கொடுக்கப்பட்டது. அதில் நோய் உண்டாக்கும் உண்மையான காசக் கிருமி கலந்திருந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. அங்கே கலப்படம் காற்றின் வழியாக வரவில்லை, ஆய்வகத்திலேயே நேர்ந்தது. ஆயினும் உயிருள்ள மருந்தை அடைக்கும் இடத்தில் எவ்வளவு கவனம் தேவை என்பதை அது உலகுக்கு உணர்த்தியது.

இந்தியாவில் பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகம் நமக்கு மிக அருகில், சென்னை கிண்டியில், 1948இல் நிறுவப்பட்டது. திருவள்ளூர்ப் பகுதி மாணவர்களுக்கு இந்த மருந்தோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 1968இல், அப்போதைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஊர்களில் உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை தொடங்கியது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசியோ, ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத ஊசியோ போடப்பட்டது. உங்கள் தாத்தா பாட்டியும் அவர்களில் ஒருவராக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை இந்த ஊசி தடுக்கவில்லை என்பதே அந்தச் சோதனையில் தெரிந்த முடிவு. இருப்பினும் சிறு குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைக் காசத்திலிருந்து அது காப்பதால், இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது.

2008 ஜனவரியில் கிண்டி ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், இமாசலப் பிரதேசத்திலுள்ள கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்றின் தயாரிப்பு உரிமங்களும் நிறுத்தி வைக்கப்பட்டன. மூன்றும் அரசு நிறுவனங்கள்! நல்ல தயாரிப்பு முறைக்கான விதிகள் பின்பற்றப்படவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். நாட்டின் தடுப்பூசிக்குத் தனியாரை நம்பியிருக்கலாமா என்று பெரிய வாதம் கிளம்பியது. 2010 பிப்ரவரியில் அந்தத் தடை விலக்கப்பட்டது. நிறுத்தியது சரியா, தவறா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. நாம் இங்கே பார்க்கப்போவது அந்த விதிகளுள் ஒரு முக்கிய அத்தியாயத்தை. மருந்து அடைக்கும் அறையின் காற்று எவ்வளவு தூய்மையாக இருக்க வேண்டும்? அது தூய்மையாகத்தான் இருக்கிறது என்பதை எப்படி அறிவது?

எடையா, எண்ணிக்கையா?

காற்றின் தூய்மையை அளக்க ஒரு வழி உங்களுக்குத் தெரிந்திருக்கும். கும்மிடிப்பூண்டியில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத்தர அளவீட்டு நிலையம் இருக்கிறது. 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ள துகள்கள் ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் எடை இருக்கின்றன என்று அங்கே சொல்வார்கள். நம் நாட்டில் 24 மணி நேரச் சராசரிக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 60 மைக்ரோகிராம். இது எடைக் கணக்கு.

மருந்து அடைக்கும் இடத்திற்கு உள்ள வரம்பு வேறு விதமானது. ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520க்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது விதி. ஏன் இங்கே எடை பேசப்படவில்லை? காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.5 மைக்ரான் விட்டமுள்ள ஓர் உருண்டையின் கன அளவு சுமார் 0.065 கன மைக்ரான். தண்ணீரின் அடர்த்தி என்று வைத்துக்கொண்டால், 3,520 உருண்டைகளும் சேர்ந்து ஏறத்தாழ 0.00023 மைக்ரோகிராம்தான் வரும். தெருக்காற்றுக்கு அனுமதிக்கப்பட்ட 60 மைக்ரோகிராமோடு ஒப்பிட்டால் இரண்டரை இலட்சத்தில் ஒரு பங்கு! இதைத் தராசில் வைக்க முடியாது. ஒவ்வொன்றாக எண்ணத்தான் வேண்டும்.

இப்படி எண்ணிக் காக்கப்படும் அறைக்குத் தூய அறை என்று பெயர். அங்கே வேலை செய்பவர்கள் ‘கிளீன் ரூம்’ என்றே சொல்வார்கள். பெயரைக் கேட்டதும், நன்றாகக் கூட்டிப் பெருக்கிய அறை என்று நினைத்துவிடாதீர்கள். பெருக்குவதால் இந்தத் துகள்களை ஒன்றும் செய்ய இயலாது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஆமணக்கெண்ணெய் நிரப்பிய உயரமான கண்ணாடிக் குழாயில் சிறு எஃகுக் குண்டுகளைப் போட்டு, அவை இறங்கும் வேகத்தை மாணவர்கள் அளப்பார்கள். ஸ்டோக்ஸ் விதி என்ற அந்தப் பாடம் பலருக்குச் சலிப்பைத் தருவதை நானறிவேன். ஆனால் அதே விதிதான் தூசிக்கும். விழும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்து மைக்ரான் துகள் ஒரு மீட்டர் இறங்க ஐந்தாறு நிமிடம் ஆகும். அரை மைக்ரான் துகளுக்கோ ஒரு நாளுக்கு மேல் ஆகும்! அதற்குள் ஒருவர் கையை அசைத்தால் போதும், அது மீண்டும் மேலே போய்விடும். தானாகப் படியட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. காற்றோடு சேர்த்து அதை வெளியே தள்ள வேண்டும்.

இந்த எண்ணத்தைச் செயலாக்கியவர் வில்லிஸ் விட்ஃபீல்ட் என்ற அமெரிக்கர். ஒரு பருத்தி விவசாயியின் மகன். நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாண்டியா ஆய்வகத்தில் பணியாற்றிய இயற்பியலார். அந்நாளில் நுண்ணிய பாகங்களைப் பொருத்தும் அறைகளில் ஓயாமல் துடைத்துக்கொண்டும் உறிஞ்சிக்கொண்டும் இருந்தார்கள், ஆனாலும் தூசி போகவில்லை. வடிகட்டிய காற்றை ஒரே சீராக, ஒரே திசையில், சுழலாமல் மெதுவாகச் செலுத்திக்கொண்டே இருந்தால், உண்டாகும் தூசியை அந்தக் காற்றே வாரிக்கொண்டு போய்விடும் அல்லவா? 1960களின் தொடக்கத்தில் அவர் கட்டிய அறையில் துகள் எண்ணிக்கை அவ்வளவு குறைந்தது. சக ஆராய்ச்சியாளர் சிலர் முதலில் நம்பவே இல்லை. இன்றும் மருந்து அடைக்கும் இடத்தில் காற்று வினாடிக்குச் சுமார் 0.45 மீட்டர் வேகத்தில் மேலிருந்து கீழே இறங்குகிறது. நீங்கள் மெல்ல நடப்பதைவிடவும் குறைந்த வேகம்!

சல்லடையல்லாத வடிகட்டி

அந்தக் காற்றைத் தூய்மையாக்கும் ‘ஹெப்பா’ வடிகட்டியைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர மனமில்லை. மயிரிழையிலும் மெல்லிய கண்ணாடி இழைகளால் ஆன தாளை விசிறிபோல மடித்துச் சட்டத்தில் அடைத்திருப்பார்கள். இழைகளுக்கு இடையேயுள்ள சந்துகள் அது பிடிக்கும் துகள்களைவிடப் பெரியவை. அப்படியானால் எப்படிப் பிடிக்கிறது?

பெரிய துகள் கனமானது. காற்று ஓர் இழையைச் சுற்றி வளைந்து போகும்போது, அந்தத் துகளால் வளைய முடிவதில்லை. வேகமாக வரும் பேருந்து திருப்பத்தில் மரத்தில் மோதுவதுபோல் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிகச் சிறிய துகளோ காற்று மூலக்கூறுகளின் இடியால் அங்குமிங்கும் அலைக்கழிகிறது. பிரௌனியன் இயக்கம் என்று படித்திருப்பீர்கள். அப்படி அலையும்போது ஏதோ ஓர் இழையில் சிக்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே, நேராகப் பாயும் அளவுக்குக் கனமும் இல்லாமல், அலையும் அளவுக்கு இலேசாகவும் இல்லாமல் இருப்பதுதான் தப்பித்துச் செல்வதில் கெட்டிக்காரத் துகள். அதன் அளவு ஏறத்தாழ 0.3 மைக்ரான். அதனால்தான் வடிகட்டியை அந்த அளவிலேயே சோதிக்கிறார்கள். 0.3 மைக்ரான் துகள்களில் பத்தாயிரத்துக்கு மூன்றுக்கு மேல் தப்பக்கூடாது. அதைவிடச் சிறியவையும் பெரியவையும் இன்னும் எளிதாகப் பிடிபடும். சிறியதைப் பிடிப்பதுதான் கடினம் என்று நினைக்கும் நம் புத்திக்கு இது வியப்பாகத்தான் இருக்கிறது.

வகுப்பு என்றால் என்ன?

தூய அறைகளுக்கு அமெரிக்காவில் 1963இல் ஒரு தரவிதி வெளியாயிற்று. ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் நூறு இருந்தால் ‘வகுப்பு 100’ என்றார்கள். இன்றும் நம் ஊர்த் தொழிற்சாலைகளில் பழைய ஆட்கள் அப்படியே பேசுவார்கள். 1999இல் பன்னாட்டுத் தர நிறுவனம் ஐ.எஸ்.ஓ. 14644 என்ற விதியைக் கொண்டுவந்தது, 2015இல் அதைத் திருத்தியது. இதில் 1 முதல் 9 வரை வகுப்புகள். கணக்கு எளிது: வகுப்பு எண் 5 என்றால், ஒரு கன மீட்டரில் 0.1 மைக்ரானும் மேலும் உள்ள துகள்கள் 10இன் 5ஆம் அடுக்கு, அதாவது ஒரு இலட்சம் வரை இருக்கலாம். அதே காற்றில் 0.5 மைக்ரானும் மேலும் உள்ளவை 3,520. ஒரு வகுப்பு ஏறினால் பத்து மடங்கு. 7ஆம் வகுப்பில் 3,52,000. 8ஆம் வகுப்பில் 35,20,000. பழைய ‘வகுப்பு 100’தான் புதிய 5ஆம் வகுப்பு என்பதை, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 35.3 கன அடி என்று வைத்து நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

மருந்துத் துறைக்கு இந்தியாவில் ‘அட்டவணை எம்’ என்ற விதித்தொகுப்பு உண்டு. 2023 இறுதியில் அது திருத்தப்பட்டது. அதில் ஏ, பி, சி, டி என்று நான்கு தரங்கள். குப்பியைத் திறந்து வைத்து மருந்தை நிரப்பும் இடம் ஏ. அதைச் சூழ்ந்த அறை பி. இந்த பி தரத்தில்தான் ஒரு நுட்பம் இருக்கிறது. யாரும் இல்லாதபோது 3,520 துகள். ஆட்கள் வேலை செய்யும்போது 3,52,000 வரை அனுமதி. ஒரே அறை, ஒரே வடிகட்டி, நூறு மடங்கு வித்தியாசம்! அந்த நூறு மடங்கும் பெரும்பாலும் மனிதனிடமிருந்து வருகிறது.

ஆம், தூய அறையின் மிகப் பெரிய அழுக்கு நாம்தான். நம் தோல் ஓயாமல் செதில் செதிலாக உதிர்கிறது. அசையாமல் நிற்பவரிடமிருந்தே நிமிடத்திற்கு ஒரு இலட்சம் துகள்கள் கிளம்பும், நடந்தால் ஐம்பது இலட்சம் என்பது இத்தொழிலில் நெடுநாளாக வழங்கிவரும் கணக்கு. பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தனியே பறப்பதில்லை. இந்தத் தோல் செதில்களில்தான் சவாரி செய்கின்றன. ஆகவே தலை முதல் கால் வரை மூடிய உடை, முகமூடி, கையுறை. வேகமாக நடக்கக்கூடாது. திறந்த குப்பிக்கு மேலாகக் கையை நீட்டக்கூடாது. உங்கள் தெருவிலிருந்து இப்படிப்பட்ட வேலைக்குப் போகும் அக்காவோ அண்ணனோ இருந்தால், உடை மாற்றும் அறைக்குள் நுழைவதற்கு எத்தனை படிகள் என்று கேட்டுப் பாருங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை அது.

கதவைத் திறக்கும்போது வெளிக்காற்று புகாதிருக்க, தூய்மை மிகுந்த அறையில் காற்றழுத்தம் சற்றே கூடுதலாக வைக்கப்படுகிறது. 10 முதல் 15 பாஸ்கல். ஒன்றரை மில்லிமீட்டர் நீர்மட்டம் அளவுதான். ஆனால் இரண்டு சதுர மீட்டர் கதவின்மேல் இது 30 நியூட்டன், அதாவது மூன்று கிலோ எடை சாய்ந்து நிற்பது போன்ற விசை.

எண்ணும் கருவி

கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியே வெயில் இறங்கும்போது, அந்த ஒளிக்கற்றையில் தூசி மினுமினுப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1870களில் ஜான் டிண்டல் என்ற விஞ்ஞானி இதை வைத்தே ஓர் அழகிய சோதனை செய்தார். ஒரு பெட்டியின் உட்புறத்தில் கிளிசரின் தடவி, தூசியெல்லாம் படியும்வரை சில நாட்கள் அசையாமல் வைத்தார். பிறகு ஒளிக்கற்றையைச் செலுத்தினால் பெட்டிக்குள் அதன் தடமே தெரியவில்லை. அந்தக் காற்றில் வைத்த இறைச்சிச் சாறு கெடாமல் தெளிவாகவே இருந்தது. வெளிக்காற்றில் வைத்ததோ சில நாட்களில் அழுகியது. ஒளியைச் சிதறடிக்கும் தூசியும் அழுகச் செய்யும் கிருமியும் ஒன்றாகவே பயணம் செய்கின்றன என்பது தெளிவாயிற்று.

இன்றைய துகள் எண்ணி அந்தக் கண்ணாடி ஓட்டு வெயிலின் பேரப்பிள்ளை. ஒரு பம்பு நிமிடத்திற்கு 28.3 லிட்டர் காற்றை இழுக்கிறது. காற்று ஒரு லேசர் கற்றையைக் கடக்கிறது. ஒவ்வொரு துகளும் ஒரு சிறு மின்னல்போல ஒளியைச் சிதறடிக்க, ஒளியுணரி அதை மின்துடிப்பாக மாற்றுகிறது. எத்தனை துடிப்பு என்பது எண்ணிக்கை. துடிப்பின் உயரம் துகளின் அளவு. ஒரு கன மீட்டரை எண்ணி முடிக்க எவ்வளவு நேரமாகும்? ஆயிரத்தை 28.3ஆல் வகுத்துப் பாருங்கள், 35 நிமிடத்துக்குச் சற்று மேல்.

கருவிக்கு ஒரு குறை உண்டு. உயிருள்ளது, உயிரற்றது என்ற பேதம் அதற்குத் தெரியாது. காகிதத் துணுக்கும் பாக்டீரியாவும் அதற்கு ஒன்றே. ஆகவே கிருமியைத் தனியே எண்ண வேண்டும். 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டில் அகார் என்ற கூழ் உணவை ஊற்றி, மருந்து அடைக்கும் இடத்தருகே நான்கு மணி நேரம் வரை திறந்து வைப்பார்கள். பிறகு மூடி இளஞ்சூட்டில் வைத்தால், விழுந்த ஒவ்வொரு கிருமியும் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகும். டி தரத்தில் 100 புள்ளி வரை இருக்கலாம். சி தரத்தில் 50. பி தரத்தில் 5. ஏ தரத்தில் ஒன்றுகூட வரக்கூடாது.

ஆனால் புள்ளி தோன்றுவதற்குச் சில நாட்கள் ஆகும். திங்களன்று விழுந்த கிருமியை வெள்ளியன்றுதான் பார்க்கிறோம். அதற்குள் குப்பிகள் அடைத்து மூடப்பட்டிருக்கும். லேசர் கருவி உடனே சொல்கிறது, ஆனால் கிருமியா என்று சொல்லாது. தட்டு சரியாகச் சொல்கிறது, ஆனால் தாமதமாக. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. தட்டில் புள்ளி வந்துவிட்டால் அன்றைய உற்பத்தியைத் தனியே ஒதுக்கிவைத்து, யார் இருந்தார், எந்தக் கதவு திறந்தது, அழுத்தம் எப்போது இறங்கியது என்று ஏட்டைப் புரட்டுவார்கள்.

இதனால்தான் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய ‘ஐ.எஸ்.ஓ. 5’ சான்றிதழை நான் பெரிதாக மதிப்பதில்லை. அது அளந்த நாளுக்கு மட்டுமே உண்மை. மின்சாரம் போனால் விசிறி நிற்கும், அழுத்தம் இறங்கும். மின்சாரம் திரும்பியபின் காற்று பழைய தூய்மைக்கு வர கால் மணிக்கு மேலாகலாம். போகியன்று விடியலில் நம் பகுதியைப் போர்த்தும் புகையின் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைந்தவை. அவற்றால் முன்வடிகட்டிகளின் சுமை கூடும். மணவாள நகர் போன்ற இடத்தில், ரயில் நிலையத்தருகே லாரிகள் கிளப்பும் புழுதியும் அப்படியே. ஆகவே மருந்து நிரப்பும் நேரம் முழுவதும், ஏ தரப் பகுதியில் துகள் எண்ணி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள். வரம்பைத் தொடும் முன்பே எச்சரிக்கும் ஓர் எல்லையும், தொட்டால் வேலையை நிறுத்தும் ஓர் எல்லையும் வகுத்து வைக்கிறார்கள்.

தூய அறை மருந்துக்கு மட்டுமல்ல. கும்மிடிப்பூண்டியிலிருந்து வடக்கே ரயிலேறினால் சூலூர்ப்பேட்டை. அங்கிருந்து பழவேற்காடு ஏரியைக் கடந்தால் ஸ்ரீஹரிகோட்டா. 2023 செப்டம்பர் 2 அன்று ஆதித்யா எல்-1 அங்கிருந்துதான் கிளம்பியது. அதன் முதன்மைக் கருவி சூரியனைச் சூழ்ந்த கொரோனாவைப் பார்க்கிறது. சூரிய வட்டத்தின் ஒளியில் கொரோனா பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான். கண்ணாடியில் ஒட்டிய தூசி சிதறடிக்கும் ஒளியே அதை மறைத்துவிடும். அக்கருவியைப் பெங்களூரை அடுத்த ஓசகோட்டையில் தூய அறையில் பொருத்தியவர்கள் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வரக்கூடாது என்று தடை இருந்ததாம். அங்கே பயம் கிருமியைப் பற்றியதல்ல; ஆனால் எண்ணும் முறை அதேதான்.

நீங்களும் எண்ணிப் பார்க்கலாம். வரைபடத் தாளில் ஒரு சதுர சென்டிமீட்டரைக் குறித்து, அதன்மேல் ஒரு கண்ணாடிச் சில்லை வையுங்கள். சில்லின் மேற்புறத்தில் வாசலின் மெல்லியதாகத் தடவுங்கள். இப்படி மூன்று தயாரித்து, ஒன்றைத் தெருப்பக்கத் திண்ணையிலும், ஒன்றை வகுப்பறையிலும், ஒன்றை மூடிய அலமாரிக்குள்ளும் ஒரு நாள் வையுங்கள். பிறகு உருப்பெருக்குக் கண்ணாடியால் கட்டத்துக்குள் உள்ள புள்ளிகளை எண்ணுங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரிவது ஏறத்தாழ 50 மைக்ரானுக்கு மேற்பட்டவை மட்டுமே. அடுத்த நாள், வகுப்பறையில் யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் ஒரு சில்லையும், எல்லோரும் இருக்கும் திங்கட்கிழமையில் ஒரு சில்லையும் அதே இடத்தில், அதே நேர அளவுக்கு வைத்து எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். நாளையும் நேரத்தையும் மின்விசிறி ஓடியதா என்பதையும் மறக்காமல் குறித்து வையுங்கள்.